நட்சத்திரம் இல்லாத கேள்வி

யமுனாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைப்பாள். துடைத்து முடித்ததையே மறுபடியும் துடைப்பாள். தில்லைநகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில், முதலாளி சகாயநாதன் உட்பட ஐந்து பேருக்கும் இது தெரியும். இரண்டாவது முறை துடைக்கத் தொடங்கினாள் என்றால் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்துவிடுவார்கள்.

அவளைக் கோபப்படுத்தும் விஷயங்களில் முதலிடம் இணையப் படிவங்களுக்கு. இந்த ஊர் உலகத்தில் ஒருத்தராவது ஒரு படிவத்தை யோக்கியமாகச் செய்கிறார்களா? இருபது கேள்வி கேட்பார்கள். எது கட்டாயம், எது விருப்பம் என்று சொல்ல மாட்டார்கள். எங்கேயோ துறையூரில் ஒரு மனுஷி கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தட்டித் தட்டி நிரப்பி, கடைசிப் பொத்தானை அழுத்தினால் சிவப்பாக ஒரு வரி வந்து நிற்கும். பிழையாம். எங்கே பிழை, என்ன பிழை? அதைத் தேடுவதற்குள் எழுதியது அத்தனையும் போயிருக்கும். இப்படிச் செய்தவர்களை உட்கார வைத்து அதே படிவத்தை நூறு தடவை நிரப்பச் சொல்ல வேண்டும் என்பது யமுனாவின் தீர்ப்பு.

அவள் செய்யும் படிவங்களில் அந்தச் சள்ளை கிடையாது. அவள் வேலை பார்ப்பது இணையதளம் கட்டுவதற்கான ஜாங்கோ என்ற நிரல் சட்டகத்தில். அதில் ஒரு கேள்வியை எழுதினால், அதற்குப் பதில் கட்டாயம் என்றுதான் ஜாங்கோ எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் ‘ரிக்வயர்டு ஈக்குவல் டு ஃபால்ஸ்’ என்று நாம்தான் ஒரு வரி சொல்ல வேண்டும். மற்றவர்கள் நட்சத்திரக் குறியைத் தனியாகக் கையால் தட்டிப் போடுவார்கள், பிறகு மறந்துபோவார்கள். உள்ளே கட்டாயம் என்றிருக்கும், வெளியே குறி இருக்காது. யமுனா அதற்கு இடமே வைக்கவில்லை. நிரலுக்குள் ஒரு கேள்வி கட்டாயமாக இருந்தால் மட்டும், அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் தானாக வந்து நிற்கும்படி ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தாள்.

“என் ஃபார்ம்ல ஸ்டார் பொய் சொல்லாது” என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மே மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வேலை வந்தது. பொன்னிக்கரை மாணவியர் இல்லம். வெளியூரிலிருந்து திருச்சிக் கல்லூரிகளில் படிக்க வரும் பெண்களுக்குச் சாப்பாட்டோடு இலவசமாக இடம் கொடுக்கிற விடுதி. வருஷத்துக்கு அறுபது பேர். இதுவரை காகிதத்தில் வாங்கிக்கொண்டிருந்த விண்ணப்பத்தை இணையத்துக்கு மாற்ற வேண்டும். செயலாளர் ஹரிஹரசுதன் தானே நேரில் வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தணிந்த குரல், வார்த்தைக்கு வார்த்தை ‘அம்மா’. கையில் இருபத்திரண்டு கேள்விகளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்.

யமுனா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். பெயர், கட்டாயம். பிறந்த தேதி, கட்டாயம். பிளஸ் டூ மதிப்பெண், கட்டாயம். இரத்த வகை, தெரிந்தவர்கள் எழுதினால் போதும். பத்தொன்பதாவது கேள்வி: ‘குலதெய்வம், கோயில் இருக்கும் ஊர்.’

“இதுக்கு ஸ்டார் போடணுமா சார்?”

“வேண்டாம்மா, வேண்டாம். பிரியப்பட்டவங்க எழுதட்டும். வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில ஒவ்வொரு பிள்ளையோட குலதெய்வத்தையும் சொல்லி வேண்டிக்குவோம். வீட்டை விட்டு வந்த பிள்ளைங்க பாருங்க, அதுங்களுக்கு ஒரு ஆறுதல்.”

யமுனாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஃபால்ஸ் என்று எழுதினாள். அவர் கேட்ட இன்னும் இரண்டு விஷயங்களையும் செய்து கொடுத்தாள். ஒன்று, எந்தக் கேள்வியை யார் யார் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று ஒரே அழுத்தில் பார்க்கும் வசதி. இரண்டு, நட்சத்திரம் போட்ட கேள்வி காலியாக இருக்கும் விண்ணப்பங்களைத் தினமும் பிற்பகல் மூன்று மணிக்குக் கணினியே தேடிப் பார்த்து, அவர்களுடைய கைப்பேசிக்கு நினைவூட்டல் அனுப்புவது. பாதி நிரப்பிச் சேமித்து வைத்தவர்கள் மறந்துவிடக் கூடாது அல்லவா. அனுப்பும் செய்தி ஒவ்வொன்றிலும் விடுதி வாசல் பலகையில் இருக்கும் வாசகம் முதல் வரியாக வர வேண்டும் என்று ஹரிஹரசுதன் பிரியப்பட்டார். ‘சாதி, மத பேதமின்றி.’ அதையும் சேர்த்தாள்.

விடுதியின் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாததால், சந்தேகம் கேட்கிற எண்ணாக யமுனாவின் அலுவலக எண்ணைப் போட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து அழைப்பு வரும். முதல் வாரத்தில் முசிறியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் ஜோதி. ஐந்நூற்று அறுபத்தேழு மதிப்பெண். திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கிடைத்திருக்கிறதாம்.

“அக்கா, பத்தொன்பதாவது கேள்வியில என்ன எழுதறதுன்னு தெரியலை. எங்க அம்மா அப்பா லவ் மேரேஜ். ரெண்டு பக்கமும் சேத்துக்கலை. எந்தக் கோயில்னு எழுதறது?”

“அந்தக் கேள்விக்குப் பக்கத்துல ஸ்டார் இருக்கா பாரு.”

“இல்லைக்கா.”

“அப்போ வேண்டாம்னு அர்த்தம். காலியா விட்டுடு.”

“விட்டா ஒண்ணும் ஆயிடாதே? ஹாஸ்டல் கிடைச்சாத்தான் காலேஜுன்னு அப்பா சொல்லிட்டாங்க. வாழைமண்டியில லோடு ஏத்தறாங்க, காலையில நாலு மணிக்கே போயிடுவாங்க. ரெண்டு பஸ் மாறி நான் தினமும் போயிட்டு வரதெல்லாம் முடியாதுன்னுட்டாங்க.”

“ஒண்ணும் ஆகாதும்மா. அந்த ஃபார்மை எழுதினதே நான்தான். நான் சொல்றேன், தைரியமா விடு.”

ஜோதி விட்டுவிட்டாள்.

ஜூன் முதல் வாரம் வியாழக்கிழமை மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. சனிக்கிழமை தேர்வுக்குழு கூடுகிறது. அதற்கு முந்தின புதன்கிழமை காலை, பட்டியலை அச்செடுக்க முடியவில்லை என்று ஹரிஹரசுதன் கூப்பிட்டார். யமுனா வண்டியை எடுத்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலைய நெரிசலைத் தாண்டி, காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச்சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தாள். அச்சு இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. காகிதம் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது மேஜையில் இரண்டு கட்டுகளைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு விண்ணப்பங்களில் ஒரு பெரிய கட்டு. அதன் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சின்னக் கட்டு.

“அது என்ன சார் தனியா?”

“அதெல்லாம் முழுமையடையாததும்மா. எழுபத்தோரு பேர். குழுவுக்கு வைக்கலை.”

“முழுமையடையாம எப்படி சார்? ஸ்டார் போட்டது ஒண்ணு காலியா இருந்தாலும் ஃபார்ம் ஏத்துக்காதே.”

“ஸ்டார் போட்டதெல்லாம் சரியா இருக்கும்மா. குலதெய்வம் எழுதலை.”

யமுனா கண்ணாடியைக் கழற்றினாள்.

“அது கட்டாயமில்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“கட்டாயமில்லைதான். இப்பவும் அதைத்தான் சொல்றேன்.” அவர் சிரித்தார். “எழுதலைன்னு யாரையும் நாம ஒண்ணும் சொல்லப் போறதில்லையே. இடம் கம்மி, கிடைக்கலை. அவ்வளவுதான்.”

பெரிய கட்டை அவர் புரட்டினார். எழுதியவர்களின் தாள்களிலும் சிலவற்றில் பத்தொன்பதாவது கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு. சிலவற்றில் ஒரு சுழி. அப்போதுதான் யமுனாவுக்கு விளங்கியது. அதற்கு முன்னால் விளங்காமல் போனதற்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. நம் பக்கத்தில் ஒருவர் இன்ன சாமி, இன்ன ஊர் என்று சொல்லிவிட்டால் தெரிந்தவர்களுக்கு அவர் யார், என்ன ஆட்கள் என்று தெரிந்துவிடும். கல்யாணம் பேசப் போகிறவர்கள் அப்படித்தானே மூக்கை நுழைக்கிறார்கள்? அந்தக் கேள்வியைப் போய் விளக்கு பூஜை என்று நினைத்தாளே.

“சாதி பாக்கறதுக்கா சார் இது?”

“சே சே! சாதியை நாம கேக்கறதே இல்லையே. வாசல்ல போர்டு பாக்கலையா நீங்க?” குரல் அப்போதும் தணிந்துதான் இருந்தது. “ஒரு ரூம்ல நாலு பிள்ளைங்க தங்கணும், ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். அனுசரிச்சுப் போகணுமா இல்லையா? நாளைக்கு ஒண்ணுன்னா பெத்தவங்க என்னைத்தானே கேப்பாங்க. கோயிலும் ஊரும் சொன்னா போதும், மிச்சத்தை நான் பாத்துக்குவேன். இத்தனை வருஷ அனுபவம்.”

யமுனா சின்னக் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். அவர் தடுக்கவில்லை. லூர்து மேரி, மணப்பாறை. சபீனா, துறையூர். குலதெய்வம் என்ற ஒன்றே இல்லாத வீட்டுப் பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு தாள்களுக்குக் கீழே ஜோதி, முசிறி, ஐந்நூற்று அறுபத்தேழு. பத்தொன்பதாவது இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம்.

யமுனா அந்த வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்தாள். இது ஹரிஹரசுதன் செய்த வேலையா? பாதிதான். காலியாக விட்டவர்களைப் பொறுக்கி எடுக்கும் வசதியைச் செய்து கொடுத்தது யார்? ஒரு பெண் போன் போட்டு, விட்டுவிடலாமா என்று கேட்டபோது, தைரியமா விடு என்று சொன்னது யார்? தன் வாயாலேயே அந்தப் பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்டிருக்கிறாள்.

“சார், இந்தக் கேள்விக்கு ஸ்டார் போட்டுடறேன். வேணும்னா வேணும்னு வெளிப்படையாக் கேட்டுடுவோம்.”

“ஐயையோ! ஸ்டார் போட்டா ஊரு என்ன பேசும்?”

“அப்போ கேள்வியையே எடுத்துடறேன்.”

“எடுத்துட்டா நான் எப்படிம்மா பாத்து எடுக்கறது?”

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார். ட்ரூ, இல்லேன்னா ஃபால்ஸ். வெளியில வேண்டாம், உள்ளே வேணும்னு மூணாவதா ஒண்ணு எனக்கு எழுதத் தெரியாது.”

“இருக்கறபடியே இருக்கட்டும்மா” என்றார் ஹரிஹரசுதன். “வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க.”

அவள் மோர் குடிக்கவில்லை. பாலத்தில் வரும்போது தனக்குள்ளேயே சத்தமாகத் திட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் திட்டினாள். கேட்காத மாதிரி கேட்பார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுக்காதவர்களைக் குப்பையில் போடுவார்களாம். நேருக்கு நேர் நின்று ‘உன்னைச் சேர்க்க மாட்டேன்’ என்று சொல்கிற ஆளிடம் சண்டையாவது போடலாம். இங்கே சண்டை போடுவதற்குக்கூட ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லையே! ‘இடம் கம்மி’ என்று ஒரு குறுஞ்செய்தி வரும். தான் எந்த இடத்தில் தோற்றோம் என்றே தெரியாமல் அந்தப் பெண் முசிறியில் உட்கார்ந்திருப்பாள்.

அலுவலகத்தில் சகாயநாதன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யமுனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

“அநியாயம்தான்” என்றார் அவர். “ஆனா க்ளையன்ட் கேட்டதை நாம செஞ்சு குடுத்தோம். அதை அவங்க எப்படி உபயோகிக்கறாங்கன்னு நாம போயி கேக்க முடியுமா யமுனா?”

“கேக்க வேண்டாம் சார். என் ஃபார்ம்ல ஒரு பொய் இருக்கு. அதைத் திருத்தணும்.”

“என்ன பொய்?”

“கட்டாயமான கேள்விக்கு ஸ்டார் இல்லை.”

சகாயநாதன் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். யமுனா கைப்பேசியில் பத்தொன்பதாவது கேள்வியைக் காலியாக விட்டவர்களின் பட்டியலைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதுல உங்களை மாதிரி சர்ச்சுக்குப் போறவங்க மட்டும் பதினேழு பேர் இருக்காங்க சார். உங்க பொண்ணு இந்த ஃபார்மை நிரப்பினா அந்த இடத்துல என்ன எழுதுவா?”

“என் பொண்ணு எதுக்கு ஹாஸ்டல் தேடப் போறா? வீடே இங்கதான்...” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். டிபன் பாக்ஸை மூடினார். பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தார். ஒரு பெயரில் விரல் நின்றது. ஏதோ தெரிந்த பெயர் போலிருக்கிறது.

யமுனா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து அந்த நிரலைத் திறந்தாள். முதலில் ஹரிஹரசுதனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: ‘சார், நீங்கள் கட்டாயமாக வைத்திருப்பதால் பத்தொன்பதாவது கேள்விக்கு நட்சத்திரம் போடுகிறேன். வேண்டாம் என்றால் கேள்வியை எடுத்துவிடுகிறேன். சொல்லுங்கள்.’ பதினைந்து நிமிஷம் காத்திருந்தாள். அவர் பார்த்ததற்கு நீல அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. இருக்கறபடியே இருக்கட்டும் என்கிற ஆள் பதில் போடுவாரா?

ஃபால்ஸ் என்ற அந்த ஒரு வரியை அழித்தாள். வேறு எதையும் தொடவில்லை. பக்கத்தைப் புதுப்பித்ததும் ‘குலதெய்வம், கோயில் இருக்கும் ஊர்’ என்பதற்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வந்து நின்றது.

பின்னால் சகாயநாதன் வந்து நின்றுகொண்டிருந்தார்.

“சின்னதா இருக்கே” என்றார். “கண்ணுல படற மாதிரி கொஞ்சம் பெருசாப் போடு.”

மூன்று மணிக்குக் கணினி தன் வழக்கப்படி நட்சத்திரம் போட்ட கேள்வி யாரிடமெல்லாம் காலியாக இருக்கிறது என்று தேடிப் பார்த்தது. எழுபத்தோரு கைப்பேசிகளுக்குச் செய்தி போயிற்று. ‘சாதி, மத பேதமின்றி. பொன்னிக்கரை மாணவியர் இல்லம். உங்கள் விண்ணப்பம் முழுமையடையவில்லை. நிரப்பப்படாத கட்டாயக் கேள்வி: குலதெய்வம், கோயில் இருக்கும் ஊர்.’

மூன்று ஐந்துக்கு முதல் அழைப்பு. மணப்பாறையிலிருந்து ஒரு அப்பா. “ஏம்மா, நாங்க வேளாங்கண்ணிக்குப் போறவங்க. குலதெய்வத்துக்கு எங்க போவோம்? முதல் வரியில பேதமில்லைங்கறீங்க, கடைசி வரியில இப்படிக் கேக்கறீங்க?” யமுனா மழுப்பவில்லை. “நீங்க கேக்கறது நியாயம்ங்க. இந்தக் கேள்வி நிரப்பாதவங்களைத் தனியா எடுத்து வெச்சிருந்தாங்க. உங்களுக்குத் தெரியணும்னுதான் ஸ்டார் போட்டேன். விடுதித் தலைவர் நம்பர் தரேன், அவங்ககிட்ட கேளுங்க.” தலைவர் ஆனந்தவள்ளி அம்மாளின் எண் விடுதியின் இணையப் பக்கத்திலேயே இருந்தது, இதுவரை யாரும் அதில் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டார்கள். நாலு மணிக்குள் அந்தக் குறுஞ்செய்தியைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் கீழே யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

நாலரைக்கு ஜோதி கூப்பிட்டாள்.

“அக்கா, ஸ்டார் இல்லை, வேண்டாம்னு சொன்னீங்களே.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் யமுனாவைக் கொன்றது. அவள் நடந்தது முழுவதையும் சொன்னாள், தான் அந்தப் பட்டியலுக்கு வசதி செய்து கொடுத்தது உட்பட. ஜோதிக்குப் பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“இப்ப எழுதினா ஏத்துக்குமா அக்கா?”

“நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் ஏத்துக்கும்.”

“என்ன எழுதினாலுமா?”

“இருநூத்தி அம்பத்தஞ்சு எழுத்து வரைக்கும் என்ன எழுதினாலும்.”

“சரிக்கா” என்று வைத்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து ஜோதியின் விண்ணப்பம் திருத்தப்பட்டதாகத் திரையில் காட்டியது. யமுனா திறந்து பார்த்தாள். குழுவுக்குப் போகும் பட்டியலில், ஹரிஹரசுதன் கேட்டுக்கொண்டபடி, பெயருக்கு அடுத்த பத்தியே குலதெய்வம்தான். மதிப்பெண்கூட அதற்குப் பிறகுதான். அங்கே ஜோதி எழுதியிருந்தாள்:

‘அப்பா ஊர் மாரியம்மன். அம்மாவைக் கட்டியதால் அப்பாவை உள்ளே விடுவதில்லை. அம்மா ஊர் அய்யனார். அப்பாவைக் கட்டியதால் அம்மாவை விடுவதில்லை. நான் இரண்டு கோயிலையும் வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.’

யமுனா கண்ணாடியைக் கழற்றினாள். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை அல்ல. அந்தப் பட்டியல் தானாகவே குழுவினர் ஒவ்வொருவர் மின்னஞ்சலுக்கும் தினமும் மாலை ஐந்தரைக்குப் போகும். போயிற்று.

ஆறு மணிக்கு ஹரிஹரசுதன் கூப்பிட்டார். ‘அம்மா’ இல்லை, தணிந்த குரலும் இல்லை.

“யாரைக் கேட்டு ஸ்டார் போட்டீங்க? தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கிழிகிழின்னு கிழிக்கறாங்க. உடனே எடுங்க அதை!”

“கேட்டேனே சார். நீங்க பதில் போடலை. ஸ்டாரை மட்டும் எடுக்க மாட்டேன். எடுத்தா கேள்வியோட எடுப்பேன், பட்டியல்ல அந்தப் பத்தியோட எடுப்பேன், காலியா விட்டவங்களைப் பிரிக்கற வசதியோட எடுப்பேன். எடுத்துடட்டுமா?”

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

“எடுத்துத் தொலைங்க” என்றார். “அடுத்த வருஷம் உங்க கம்பெனியே வேண்டாம்.”

ஆனந்தவள்ளி அம்மாளுக்கு நியாயம் உறைத்ததா, ஊர் வாய்க்குப் பயந்தாரா என்று யமுனாவுக்கு இன்றைக்கு வரை தெரியாது. சனிக்கிழமை குழு மதிப்பெண்ணை வைத்து அறுபது பேரை எடுத்தது. ஜோதி பதினோராவது. சின்னக் கட்டிலிருந்து மொத்தம் பத்தொன்பது பேருக்கு இடம் கிடைத்திருந்தது. ஹரிஹரசுதன் செயலாளராகவே நீடித்தார். சகாயநாதன் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் கடைசியில் ஒரு காலை, அலுவலக எண்ணில் ஜோதி.

“சேந்துட்டேன்க்கா. அப்பா வந்து விட்டுட்டு இப்பத்தான் முசிறி பஸ் ஏறினாங்க.”

“ரொம்ப சந்தோஷம்மா. ரூம் எல்லாம் நல்லா இருக்கா?”

“இருக்குக்கா. லூர்து மேரின்னு ஒரு பொண்ணு என் ரூம்ல.” குரலைத் தாழ்த்தினாள். “காலையில ஆபீஸ்ல அந்தச் செயலாளர் சார் ஒரு பேப்பர் ஃபார்ம் குடுத்தாரு. சேர்க்கைப் படிவமாம். அதுல ஒன்பதாவதா அதே கேள்வி இருக்கு. ஸ்டார் இல்லை. பிரியப்பட்டா எழுதுங்கன்னு சொன்னாரு.”

யமுனாவின் கை கண்ணாடிக்குப் போயிற்று. திருந்துகிற ஜென்மமா இது? காகிதத்தில் அவள் எந்த வரியைப் போய் அழிப்பாள்?

“நீ என்ன செஞ்சே?”

“எழுதினேன்க்கா. அன்னிக்கு எழுதினதையேதான். இதுல எழுத்துக் கணக்கு இல்லையா, பின்பக்கமும் எழுதிட்டேன். லூர்து மேரியும் வேளாங்கண்ணியில ஆரம்பிச்சா, இன்னும் முடிக்கலை. அடுத்த ரூம் பிள்ளைங்க எக்ஸ்ட்ரா பேப்பர் கேட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கறாங்க.”